குற்றால அருவி, புளியரை ஏற்றம்: நேரலை நிலவரம் சொல்லும் இணையப் பக்கத்தைக் கட்டுவது எப்படி?

சீசன் தொடங்கிவிட்டால் தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து ஆட்களிடம் வெளியூர்க்காரர்கள் போன் போட்டுக் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். ஐந்தருவியில் குளிக்க விடுகிறார்களா? கேரளா போகும் மலைச்சாலையில் புளியரை எஸ் வளைவில் வண்டி நகர்கிறதா, இல்லை லோடு லாரி எதுவும் படுத்துக் கிடக்கிறதா? இதற்குப் பதில் சொல்லும் ஒரு பக்கத்தைக் கட்டிவிடலாமே என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பையன் கிளம்புகிறான். அப்படிக் கிளம்பிய சிலரோடு உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன், எல்லோரும் தடுக்கி விழும் இடம் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கிறது. முதல் நாளே வரைபடத்தையும் வெப்சாக்கெட்டையும் (போனும் சர்வரும் இணைப்பைத் திறந்தே வைத்துப் பேசும் வழி) எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். தகவலை யார் தருவார்கள், வந்த தகவல் எவ்வளவு நேரம் செல்லுபடியாகும் என்பதெல்லாம் கடைசியில்தான் ஞாபகம் வருகிறது. அதனால் இங்கே வரிசையை அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு சின்ன லினக்ஸ் சர்வர், ஒரு டொமைன் பெயர், எச்டிடிபிஎஸ் சான்றிதழ். சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகவே தருகிறது. டேட்டாபேஸுக்கு எஸ்கியூலைட் தாராளமாகப் போதும். நிரல்மொழியில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கத் தோதானதாக எடுங்கள்: நோட், கோ, இல்லையென்றால் பைத்தானின் அசிங்க் வகையறா. பிஎச்பியில் ஏன் சிக்கல் என்பது 6ஆம் படியில் வரும்.

இவற்றை விட முக்கியமானவை இரண்டு. ஒவ்வொரு இடத்துக்கும் நிலவரம் சொல்ல இரண்டு ஆட்கள், அப்புறம் சோதனைக்கு ஒரு பழைய மலிவான ஆண்ட்ராய்டு போன். உங்கள் லேப்டாப்பில் வேகமாகத் திறக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் பக்கத்தைப் பார்க்கப் போகிறவர் மலை ஏறும் பஸ்ஸில் ஒரு கோடு சிக்னலோடு உட்கார்ந்திருப்பார்.

2. பக்கம் பதில் சொல்ல வேண்டிய கேள்வியை முடிவு செய்யுங்கள்

ஒரு பக்கத்துக்கு இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். மழை, லாட்ஜ் வாடகை, ஆட்டோ கட்டணம், சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்துவிட்டதா என்று எல்லாவற்றையும் அள்ளிப் போட ஆசையாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் ஆள் தகவல் தர வேண்டும், அதில் ஒன்று பழசாகிப் போனாலும் பார்ப்பவர் மொத்தப் பக்கத்தையும் நம்ப மாட்டார்.

கேள்வியை எழுதியதும் அதற்கு வரக்கூடிய பதில்களையும் எழுதிவிடுங்கள். அருவிக்கு மூன்று: அனுமதி உண்டு, தடை, தெரியவில்லை. சாலைக்கு நான்கு: ஓடுகிறது, ஊர்ந்து போகிறது, நிற்கிறது, தெரியவில்லை. இந்த 'தெரியவில்லை'யை முதல் நாளே ஒரு நிலையாகச் சேர்த்துவிட வேண்டும். பிறகு ஒட்டவைக்கப் பார்த்தால் நிரல் முழுக்கக் கை வைக்க வேண்டியிருக்கும்.

இடங்களையும் பிரித்து வையுங்கள். பேரருவியில் தடை போட்டிருக்கும்போது புலியருவியில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருப்பார்கள். 'குற்றாலம்' என்று ஒரே கட்டத்தில் அடைத்தால் அது யாருக்கும் உதவாது. சாலையும் அப்படித்தான். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் புளியரை சோதனைச்சாவடி ஓர் இடம், எஸ் வளைவு வேறு, கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு வேறு.

3. தகவல் வரும் வழியை அமையுங்கள்

நிரல் எழுதத் தொடங்குவதற்கு முன் இது ஓட வேண்டும். டீக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள், தினமும் காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு கேரளா போகும் டிரைவர்கள், இவர்கள்தான் உங்கள் கண்கள். இவர்களிடம் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்து அட்மின் பக்கத்தைத் திறக்கச் சொன்னால் இரண்டாம் நாளே விட்டுவிடுவார்கள். டெலிகிராமில் தானாகப் பதில் சொல்லும் பாட் (bot) ஒன்று போதும், பைசா செலவில்லை. பொத்தானைத் தட்டினால் செய்தி வந்துவிடும்.

டெலிகிராமில் பொத்தான் இரண்டு வகை. செய்திக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டு வருவது ஒன்று, கீபோர்டு இருக்கும் இடத்தில் வருவது இன்னொன்று. இரண்டாவதை எடுங்கள். அதைத் தட்டினால் சாதாரணச் செய்தியாகத்தான் போகும், சிக்னல் இல்லாவிட்டாலும் போனிலேயே காத்திருந்து கிடைத்ததும் போய்விடும். மலைச்சாலைக்கு அதுதான் சரி.

ஆனால் அதில் ஒரு வம்பு இருக்கிறது. டிரைவர் 4.10க்கு 'நிற்கிறது' என்று தட்டுகிறார், செய்தி உங்களுக்கு வந்து சேர்வது 4.40க்கு. அந்த அரை மணி நேரத்தில் லாரியைத் தள்ளிவிட்டுச் சாலையே காலியாகியிருக்கும். அதனால் பாட் உடனே 'இப்போது பார்த்ததா, முன்பே பார்த்ததா?' என்று திருப்பிக் கேட்கட்டும். முன்பே என்றால் எத்தனை மணிக்கு என்று கேட்கட்டும். பதில் வரும் வரை அந்தத் தகவலைப் பக்கத்தில் ஏற்றாதீர்கள்.

யாரிடமிருந்து வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் பாட் வேண்டாம். பதிவு செய்த ஆட்களின் டெலிகிராம் எண்ணை ஒரு பட்டியலில் வைத்து, மற்றவர்களுக்கு 'நன்றி' மட்டும் சொல்லி விட்டுவிடுங்கள். பொதுமக்களே நிலவரம் போடலாம் என்று திறந்துவிட்டால் விளையாட்டுக்கு 'தடை இல்லை' என்று போட ஒருத்தன் போதும். பெரிய மேப் நிறுவனங்களின் நெரிசல் நிறத்தைச் சுரண்டி எடுத்துப் போடலாம் என்ற யோசனையும் ஒவ்வொரு முறையும் வருகிறது. அவர்களுடைய விதிமுறைகள் அதற்கு இடம் தருவதில்லை, விட்டுவிடுங்கள்.

4. ஒவ்வொரு தகவலுக்கும் ஆயுளைக் குறியுங்கள்

மொத்த வேலையிலும் இதுதான் உயிர். டேபிளில் இருக்க வேண்டியவை: இடம், நிலை, பார்த்த நேரம், வந்து சேர்ந்த நேரம், எந்த வகை ஆள் சொன்னது, எப்போது காலாவதி. முதல் முறை கட்டுபவர்கள் இதில் 'வந்து சேர்ந்த நேரம்' ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டு நேரங்களையும் விட்டுவிடுகிறார்கள்.

ஆயுள் இடத்துக்கு இடம் மாறும். எஸ் வளைவில் 'ஓடுகிறது' என்பது அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. 'நிற்கிறது' கொஞ்சம் கூடுதலாக நிற்கும், ஏனென்றால் வளைவில் நின்ற கனரக வண்டியை நகர்த்துவது சட்டென்று நடக்கிற காரியமில்லை. அருவியிலும் இதே கணக்குதான். 'அனுமதி உண்டு' என்ற தகவலுக்குக் குறைந்த ஆயுளும் 'தடை' என்பதற்கு நீண்ட ஆயுளும் கொடுங்கள். மலைக்கு மேலே கொட்டும் மழை கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வந்து இறங்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. அனுமதி உண்டு என்று மதியம் வந்த தகவல் மாலையிலும் அப்படியே நின்றால், அந்தப் பக்கமே இல்லாமல் இருப்பது மேல்.

பழைய வரியை அழித்து மேலே எழுதாதீர்கள். வருகிற ஒவ்வொரு தகவலையும் புது வரியாகச் சேர்த்துக்கொண்டே போங்கள், பக்கத்தில் கடைசி வரியை மட்டும் காட்டுங்கள். யாராவது 'நேற்று உங்கள் பக்கத்தை நம்பிப் போய் மாட்டிக்கொண்டேன்' என்று சொன்னால் அந்த நேரத்தில் என்ன காட்டியது என்று பார்க்க இது ஒன்றுதான் வழி. 'கடைசி' என்பதும் பார்த்த நேரத்தை வைத்து வர வேண்டும். தாமதமாக வந்து சேர்ந்த 4.10 தகவல், ஏற்கெனவே இருக்கும் 4.30 தகவலை மறைத்துவிடக் கூடாது.

நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) சேமியுங்கள், காட்டும்போது மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். இந்தியா முழுக்க ஒரே நேரம்தானே என்று இதை விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான சர்வர்கள் யூடிசியில்தான் ஓடுகின்றன, அது மும்பையிலேயே இருந்தாலும் சரி. காலை 10.40க்குப் போட்ட தகவல் 5.10 என்று தெரிகிறது என்று யாராவது குழம்பி வந்தால் காரணம் இந்த ஐந்தரை மணி நேரம்தான்.

5. நேரலை இல்லாமலே பக்கத்தை முழுசாகக் கட்டுங்கள்

பக்கத்தைத் திறந்ததும் சர்வரிலிருந்து வரும் முதல் எச்டிஎம்எல்லிலேயே பதில் எழுதியிருக்க வேண்டும். வெறும் சட்டகம் மட்டும் வந்து, ஜாவாஸ்கிரிப்ட் இறங்கி, அது மறுபடி சர்வரைக் கேட்டு, அப்புறம் நிலவரம் வருவதென்றால் புளியரை ஏற்றத்தில் அந்த மூன்றாவது கட்டம் வரவே வராது. சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேரளா போய்ச் சேர்ந்துவிடுவார்.

தமிழ் எழுத்துரு எதையும் தனியாக இறக்காதீர்கள். போனில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, பார்க்கப் படுசுமாராக இருந்தாலும் படிக்க முடியும். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் ஆகிறது, 'கு' போன்ற எழுத்துக்கு இரண்டு குறியீடுகள் சேர்கின்றன. அதனால் ஜிசிப் சுருக்கத்தை இயக்கிவிடுங்கள், கணிசமாகக் குறையும். முகப்பில் வரைபடமும் வேண்டாம். ஆறேழு இடங்களுக்குப் பெயரும் நிலையும் எழுதிய பட்டியலே போதும். வேண்டுமென்றால் இன்னொரு பக்கத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போடலாம், அதன் பெயரைக் குறிப்பிட மறக்காதீர்கள்.

மலையாளத்திலும் அதே பட்டியல் இருக்கட்டும். சாரல் பிடித்தால் குற்றாலத்துக்கு வருவதில் நிறையப் பேர் மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். நிலைகள் ஏழெட்டுச் சொற்கள்தான் என்பதால் மொழிமாற்றம் ஒரு பெரிய வேலையில்லை. ஊர்ப் பெயர்களை மட்டும் மலையாளம் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

6. இப்போது நேரலையைச் சேருங்கள்

வழிகள் மூன்று. போன் அவ்வப்போது சர்வரைக் கேட்டுக்கொண்டே இருப்பது ஒன்று. சர்வர் ஒரு பக்கமாக அனுப்பிக்கொண்டே இருக்கும் எஸ்எஸ்இ (Server-Sent Events) இன்னொன்று. இரண்டு பக்கமும் பேசும் வெப்சாக்கெட் மூன்றாவது. உங்கள் பக்கத்தில் பார்வையாளர் திருப்பி எதுவும் பேசப்போவதில்லை, எனவே வெப்சாக்கெட் வேண்டாம்.

நிஜத்தைச் சொன்னால் நிலவரம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் மாறுகிறது என்றால் முதல் வழியே போதும். ஆயிரம் பேர் 30 விநாடிக்கு ஒருமுறை கேட்டால் விநாடிக்கு 33 கோரிக்கைகள். முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ் (Nginx) அந்தப் பதிலை 5 விநாடி கேஷில் (தற்காலிக நகலாக) வைத்திருந்தால் உங்கள் நிரலைத் தொடுவது 5 விநாடிக்கு ஒன்றுதான். முதலில் இதைப் போட்டுப் பாருங்கள். தடை அறிவித்த உடனே தெரிய வேண்டும் என்று தோன்றினால் எஸ்எஸ்இக்குப் போகலாம்.

எஸ்எஸ்இயில் புதியவர்கள் மாட்டும் இடங்கள்:

ஒவ்வொரு செய்திக்கும் பிறகு ஒரு காலி வரி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் செய்தி முடியவில்லை என்று பிரவுசர் காத்துக்கொண்டே இருக்கும். பிழைச் செய்தியும் வராது, எங்கே தப்பு என்று தேடியே ஒரு சாயங்காலம் போய்விடும்.

உங்கள் லேப்டாப்பில் ஓடும், சர்வரில் ஏற்றினால் ஓடாது. அதற்கு முதல் சந்தேகம் என்ஜின்எக்ஸ்தான். பின்னாலிருந்து வருவதைத் தேக்கி வைத்து மொத்தமாக அனுப்புவது அதன் இயல்பான வழக்கம். அந்த முகவரிக்கு மட்டும் பிராக்சி பஃபரிங்கை அணைத்துவிடுங்கள். 60 விநாடி பின்னாலிருந்து எதுவும் வராவிட்டால் இணைப்பையே வெட்டிவிடும் என்பதால், 15 அல்லது 20 விநாடிக்கு ஒருமுறை முக்காற்புள்ளியில் (:) தொடங்கும் ஒரு வெற்று வரியை அனுப்பிக்கொண்டிருங்கள். பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாது.

பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மில் ஒரு பார்வையாளர் வந்தால் ஒரு வொர்க்கர் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டும் கவனிக்கும் பிராசஸ்) அவருக்கே போய்விடும். வொர்க்கர் ஐந்து என்றால் ஆறாவது ஆளுக்குப் பக்கமே திறக்காது. பிஎச்பி மட்டும்தான் தெரியுமென்றால் முதல் வழியோடு நின்றுகொள்ளுங்கள், குறை ஒன்றுமில்லை.

பழைய எச்டிடிபி 1.1இல் ஒரு தளத்துக்கு ஆறு இணைப்புகளைத்தான் பிரவுசர் திறக்கும். ஒருவர் பிரவுசரில் ஏழு டேப்களில் உங்கள் பக்கத்தைத் திறந்தால் ஏழாவது தொங்கும். எச்டிடிபி 2ஐ இயக்கிவிட்டால் இது தீர்ந்துவிடும்.

7. துண்டிப்பை வழக்கமான நிலையாக வையுங்கள்

செங்கோட்டையில் தமிழ்நாட்டு டவரில் இருந்த போன் மலை ஏறும்போது சிக்னலை விட்டு, மறுபடி கேரள டவரைப் பிடிக்கும். நடுவில் உங்கள் இணைப்பு அறுந்திருக்கும். எஸ்எஸ்இ தானாகவே மறுபடி இணையும், அதற்கு நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். இணைந்ததும் விட்டுப்போன செய்திகளை ஒவ்வொன்றாக அனுப்புவதை விட, எல்லா இடங்களின் இப்போதைய நிலையையும் மொத்தமாக அனுப்பிவிடுவது எளிது. பழைய செய்தி இங்கே யாருக்கும் தேவையில்லை.

எல்லோரும் தவறவிடுவது ஒன்று உண்டு. காலாவதி ஆனதை சர்வர் வந்து சொல்லும் என்று எழுதிவிடுகிறார்கள். சிக்னல் இல்லாத போனுக்கு சர்வர் எப்படிச் சொல்லும்? 4.10 நிலவரத்தோடு அறுந்துபோன பக்கம் 6 மணிக்கும் 'ஓடுகிறது' என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே காலாவதி நேரத்தைத் தகவலோடு சேர்த்து அனுப்பிவிட்டு, போனிலேயே ஒரு டைமர் ஓட்டுங்கள். நேரம் கடந்ததும் அந்த வரி தானாகச் சாம்பல் நிறமாகி 'தெரியவில்லை, கடைசியாக 4.10க்கு' என்று மாற வேண்டும்.

போனின் கடிகாரத்தையும் அப்படியே நம்பாதீர்கள், சிலரது போன் பத்து நிமிடம் முன்னே ஓடும். பக்கம் வரும்போதே சர்வரின் நேரத்தையும் அனுப்பி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்துக் கணக்குப் போடுங்கள். திரை அணைந்திருக்கும்போது டைமர்களைப் பிரவுசர் தூங்க வைத்துவிடும். எனவே திரை மறுபடி தெரியும் நொடியில் எல்லா வரிகளையும் ஒருமுறை கணக்கிட்டுவிட வேண்டும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். அப்போதும் பச்சையாக எதுவும் தெரிந்தால் இந்தப் படி இன்னும் முடியவில்லை.

8. எழுதும் வார்த்தையில் கவனம்

'பாதுகாப்பானது', 'தாராளமாகக் குளிக்கலாம்' என்றெல்லாம் எங்கும் எழுத வேண்டாம். தடை போடுவதும் நீக்குவதும் மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும். நீங்கள் சொல்லக்கூடியது 'மாலை 4.10 நிலவரப்படி குளிக்க அனுமதித்தார்கள்' என்பது வரைதான். வார்த்தை மாறாமல் நிறத்தை மட்டும் மாற்றுவதும் கூடாது, நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் பார்ப்பார்கள்.

படம் போடுவது பற்றி ஒரு வார்த்தை. அருவிப் படம் அனுப்பினால் நன்றாக இருக்குமே என்று எல்லோருக்கும் தோன்றும். குளிக்கிறவர்கள் இருக்கும் படத்தைப் பொதுவில் போடவே கூடாது, அதில் விவாதத்துக்கே இடமில்லை. சாலைப் படமென்றால் வண்டி எண்ணை மறையுங்கள், படத்துக்குள் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலையும் நீக்குங்கள். தகவல் சொன்னவரின் பெயரோ எண்ணோ வெளியே தெரியக் கூடாது. 'ஓட்டுநர்', 'கடைக்காரர்' என்ற அளவு போதும்.

9. கூட்டம் வருவதற்கு முன் சோதியுங்கள்

ஆடி மாத ஞாயிறோ சபரிமலை சீசனோ வந்த பிறகு இதைச் செய்ய முடியாது. கே6 போன்ற கருவியால் ஆயிரம் இணைப்பைத் திறந்து பாருங்கள். லினக்ஸில் ஒரு நிரல் திறக்கக்கூடிய கோப்புகளின் வரம்பு பல இடங்களில் 1024தான், ஒவ்வொரு இணைப்பும் அதில் ஒன்றைத் தின்னும். என்ஜின்எக்ஸ் நடுவில் இருந்தால் அதன் கணக்கில் ஆளுக்கு இரண்டு. இரண்டு இடத்திலும் வரம்பை உயர்த்துங்கள்.

சர்வரை வேண்டுமென்றே ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள். அறுந்த ஆயிரம் பேரும் ஒரே விநாடியில் திரும்பி வந்து மோதுவார்கள். மறு இணைப்புக்கான இடைவெளியை ஒவ்வொருவருக்கும் 3 முதல் 15 விநாடிக்குள் ஏதோ ஓர் எண்ணாக அனுப்பி வைத்திருந்தால் வரிசையாக வருவார்கள். லெட்ஸ் என்கிரிப்டின் வழக்கமான சான்றிதழ் 90 நாளில் முடிந்துவிடும், தானாகப் புதுப்பிக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

சர்வர் விழுந்தால் எச்சரிக்கை வரும்படி எல்லோரும் அமைத்துவிடுகிறார்கள். ஆள் பேசாமல் போனால் எச்சரிக்கை வருவதில்லை. நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்: டீக்கடைக்காரர் கல்யாணத்துக்குப் போயிருப்பார், ஆட்டோ அண்ணன் போனை மாற்றியிருப்பார். பகலில் ஓர் இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் எதுவும் வராவிட்டால் பாட் முதல் ஆளிடம் 'அண்ணே, இப்போ எப்படி இருக்கு?' என்று கேட்கட்டும், பதில் இல்லையென்றால் இரண்டாம் ஆளிடம். அதற்கும் பதில் இல்லையென்றால் உங்களுக்கு வரட்டும்.

10. சீசன் முடிந்தால் மூடுங்கள்

அருவியில் தண்ணீர் நூலாகிவிட்ட மாதங்களில் தகவல் சொல்ல யாருக்கும் அக்கறை இருக்காது, பக்கம் முழுக்கச் சாம்பல் நிறமாகக் கிடக்கும். அருவிப் பட்டியலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'அருவி நிலவரம் அடுத்த சீசனில்' என்று ஒரு வரி போடுங்கள். சாலைப் பட்டியல் வருடம் முழுக்க ஓடட்டும், லாரிகளுக்கு ஏது சீசன். பாட் அனுப்பும் நினைவூட்டல்களை அருவி ஆட்களுக்கு நிறுத்திவிட்டு, மே கடைசியில் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, எண் மாறியிருக்கிறதா என்று கேட்டுப் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டு மறுபடி திறங்கள்.